குரங்குக்கு மாற்றல் உத்தரவு

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்காக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் நிறுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். தில்லியில் வனவிலங்கு அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள் நான். ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் நீட்டி முழக்க விடுங்கள்.

சூழலியலின் முதல் பாடத்திலேயே அந்த ஏணிப் படம் வந்துவிடும். அடியில் ஒற்றை உயிரி. அதற்கு மேல் இனக்கூட்டம், அதாவது ஓரிடத்தில் சேர்ந்து வாழும் ஒரே இனத்து உயிர்கள். அதற்கும் மேல் சமுதாயம்: அந்த இடத்தைப் பங்குபோட்டுக்கொள்கிற பல இனங்கள். பிறகு மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்த சூழல் மண்டலம், உச்சியில் உயிர்க்கோளம். பரீட்சைக்கு எல்லாரும் ஒப்பித்ததுதான். ஆனால் அலுவலகத்தில் தொலைபேசி அடிக்கும்போது அந்தப் பக்கம் கத்துகிறவர் எப்போதும் கீழ்ப்படியில் நின்றுதான் கத்துவார். ஒரு பாம்பு வந்துவிட்டது என்பார், ஒரு நாய் துரத்துகிறது என்பார். பதில் எந்தப் படியில் இருக்கிறது என்று தேடத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள்.

மோதி பாக் குரங்குகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். அங்கே அரசு குவார்ட்டர்ஸுக்கும் ரிட்ஜ் காட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய சாலைதான். ஒரு குரங்குக் கூட்டம் சாலையைத் தாண்டி வந்து மொட்டை மாடிகளில் குடியேறியிருந்தது. நாற்பது இருக்கும். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் மத்திய அரசு ஊழியர்கள் ஆனதால் குரங்குகளுக்கும் பதவி கொடுத்திருந்தார்கள். சிவந்த முகமும் தடித்த தோளுமாய் முன்னால் நடந்து வரும் ஆண் குரங்கு, ஜாயிண்ட் செக்ரட்டரி. தலையைக் குனிந்துகொண்டு அதன் பின்னாலேயே வருவது அண்டர் செக்ரட்டரி. தண்ணீர்த் தொட்டி மேல் நாள் முழுக்கத் தூங்குகிற கிழம், ரிட்டயர்மெண்டை எண்ணிக்கொண்டிருக்கும் செக்ஷன் ஆபீஸர். பெண் குரங்குகளுக்கு மட்டும் யாரும் பதவி தரவில்லை. குட்டியை வயிற்றில் சுமந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்ததால் அவை யார் கண்ணிலும் படவில்லை.

ஜாயிண்ட் செக்ரட்டரி அட்டகாசம் செய்தது உண்மை. சமையலறைக்குள் புகுந்து குக்கர் மூடியைத் திறக்கும், பால் பாக்கெட்டைப் பிடுங்கும், எதிர்த்தவரைப் பார்த்துப் பல்லைக் காட்டும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பழனிவேல் மனுமேல் மனு எழுதினார். நாமக்கல்காரர், ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்ட், மனு எழுதுவதில் கெட்டிக்காரர். கடைசியில் குரங்கு பிடிப்பவர்கள் வந்து அந்த ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றி நகரத்தின் மறுகோடியில் கொண்டு விட்டார்கள். ஆபீஸில் தலைமையை மாற்றினால் செக்ஷன் அடங்கிவிடும். இருபது வருட சர்வீஸில் கண்ட அந்த அனுபவத்தை அப்படியே மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள் மோதி பாக்காரர்கள். 'ஜேஎஸ்ஸுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்தாச்சு' என்று லட்டு கூட வழங்கினார்களாம்.

குரங்குக் கூட்டம் ஆபீஸ் மாதிரி நடப்பதில்லை. அதில் ஆண்கள் வந்து போகிறவர்கள். தாய், மகள், பேத்தி என்று போகிற பெண்வழிதான் கூட்டம். மேலே நிற்கும் ஆணைத் தூக்கினால் அந்த இடத்துக்கு உள்ளேயே சண்டை வரும், ரிட்ஜிலிருந்து புது ஆண்கள் வேறு மோப்பம் பிடித்து வருவார்கள். கொஞ்ச நாள் அமைதிக்குப் பிறகு மாடிக்கு மாடி ரத்தம் சிந்த ஆரம்பித்தது. தெரிந்த குரங்கு மிரட்டத்தான் செய்யும். புதிதாக வந்தவை மிரட்டாமலே கடித்தன. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துணி எடுக்க மாடிக்குப் போன பழனிவேலின் மகள் கார்த்திகாவின் முன்கையில் ஒன்று பல்லைப் பதித்துவிட்டது. நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. தையல், ஊசி எல்லாம் ஆனது. அதற்குப் பிறகு அவள் மாடிக்கு வருவதில்லை, பால்கனிக்கும் வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டே போவாள்.

அந்தக் கட்டத்தில்தான் விஷயம் என்னிடம் வந்தது. பழனிவேல் என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். நான் திருநெல்வேலிப் பக்கம் என்று கேட்டதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"எந்தக் கொரங்குன்னு மட்டும் பாத்துச் சொல்லிப் போடுங்க மேடம். அந்த ஒண்ணப் புடிச்சுக்கிட்டுப் போயிருங்க. நான் வேற எதும் கேக்கலீங்க."

"ஒண்ணைப் பிடிச்சதுலதான் சார் இவ்வளவும் வந்திருக்கு. இன்னொண்ணைப் பிடிச்சா இன்னொரு சண்டை. இதை ஒரு குரங்கா பார்க்கக் கூடாது, கூட்டமா பார்க்கணும்."

"ஏனுங்க மேடம், எம்புள்ளையக் கடிச்சது ஒரு கொரங்குதானுங்களே? கூட்டமா வந்தா கடிச்சுது?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள், அப்போது புத்தகத்தை விரிக்காதீர்கள். கடிபட்ட பிள்ளைக்கு அப்பாவாக நிற்கிறவருக்கு இனக்கூட்டம் என்பது வெறும் சொல். அன்று நான் கீழே வீட்டுக்குப் போய்க் கார்த்திகாவின் கையைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள், "ஆன்ட்டி, வோ ஃபிர் ஆயேகா?" என்றாள். அது மறுபடி வருமா என்று கேட்கிறாள். வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வாக்கு கொடுத்துவிட்டோம் என்று உறைத்தது.

பிறகு பல நாள் மத்தியானத்தில் போய் மாடிச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தேன். கூட்டத்தை நகர்த்தினால் மொத்தமாக நகர்த்த வேண்டும், இல்லையென்றால் தொடவே கூடாது என்று என் மேலதிகாரியிடம் சொன்னேன். சரி சரி என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் அப்போது பாராளுமன்றத்தில் தில்லிக் குரங்குகளைப் பற்றி ஒரு கேள்வி வரப்போகிறது என்று காற்றுவாக்கில் செய்தி வந்திருந்தது. தில்லியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். புலி எதிரே வந்தாலும் அசையாத அதிகாரி பாராளுமன்றக் கேள்வி என்றால் வியர்த்துவிடுவார்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை லாரியும் பெரிய கம்பிக் கூண்டும் வந்து இறங்கின. பூங்கா நடுவில் கூண்டை வைத்து, உள்ளே கடலையும் வாழைப்பழமும் போட்டு, கதவைக் கயிற்றில் தூக்கிக் கட்டினார்கள். கூட்டம் முழுக்க உள்ளே போகும்வரை கயிற்றை விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தேன். வயிற்றில் குட்டியோடு தாய்கள் முதலில் நுழைந்தன. பின்னாலேயே ஒரு கிழட்டுப் பெண் குரங்கு. ஆண்களும் வளர்ந்த குட்டிகளும் சுவர்மேல் தயங்கி நின்றன. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு ஸ்கூட்டர் டயர் வெடித்தது. கயிறு பிடித்தவர் பதறிக் கையை விட்டார், கதவு விழுந்தது.

அதன்பின் எழுந்த கூச்சலை நான் மறக்கவில்லை. வெளியே நின்றவை கூண்டின் மேல் தாவி ஏறிக் கம்பியை உலுக்கின. பால்குடி மறந்த ஒரு குட்டி வெளியிலிருந்து கையை நுழைத்து அம்மாவின் காதைப் பிடித்துக்கொண்டது. மாடிகளில் ஜனங்கள் கை தட்டினார்கள். பிடிப்பவர், "ஆதா ஜுண்ட் ஆ கயா மேடம்ஜி, பேஜ் தேம்?" என்றார். பாதிக் கூட்டம் வந்துவிட்டது, அனுப்பிவிடலாமா?

பழனிவேல் வீட்டுத் தொலைபேசியில் மேலதிகாரி காத்திருந்தார்.

"எத்தனை?"

"பாதி சார்."

"அச்சா, பாதி போதும். பிடித்தாகிவிட்டது என்று பதிலில் எழுதிவிடலாம். லாரியை ஜல்தி அனுப்பு."

"சார், உள்ளே இருப்பது தாய்கள். அவற்றைச் சுற்றித்தான் மற்றதெல்லாம் சேர்ந்து நிற்கிறது. அவை போய்விட்டால் மிஞ்சுவது சண்டைக்கார ஆண்களும் தாயில்லாத குட்டிகளும். ஒரு கூட்டம் நாலாகி நாலு பிளாக்குக்குப் போகும்."

"அது அப்புறம். இப்போது அனுப்பு."

"மிச்சமும் வரட்டும் சார். சாயங்காலத்துக்குள் வரவில்லையென்றால் திறந்துவிடுகிறேன்."

"இதை எழுதிக் கொடுப்பாயா?" என்றார். கொடுக்கிறேன் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அன்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலிருந்த கார்த்திகா, கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீரும் பழமும் வைத்து, ஜனங்களை விலக்கி, மதியமெல்லாம் காத்திருந்தோம். ஒன்று உள்ளே வர வேண்டுமே! ஒரு முறை கதவு விழுந்த கூண்டுக்குள் எந்தக் குரங்கும் தானாக நுழையாது. வெயில் சாய்ந்ததும் நானே எழுந்து கூண்டுக் கதவில் கை வைத்தேன். மாடிகளிலிருந்து வசவு பறந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு குரங்குக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று ஒருவர் இந்தியில் கத்தினார். பழனிவேல் ஓடிவந்து கதவை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காதீங்க மேடம். உங்க கால்ல வேணா உழுகறேனுங்க. இத்தனையாச்சும் தொலையட்டும்."

"இத்தனை போனா மிச்சம் உங்க வீட்டுக்குத்தான் சார் வரும்."

"மறுக்கா எம்புள்ளையக் கடிச்சா நீங்க வருவீங்களா?"

"நாளையிலிருந்து வாரேன். அவ பள்ளிக்கூடம் போகும்போதும் திரும்பும்போதும் உங்க வீட்டு வாசல்ல நான் நிப்பேன். இது அடங்குற வரைக்கும். கையை எடுங்க சார்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார். நான் கதவைத் தூக்கினேன். தாய்கள் வெளியே பாய்ந்த வேகத்தில் எல்லாம் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு ஒரே மாடிக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு ஒரு மெமோ வந்தது. பாராளுமன்றத்துக்கு 'விஷயம் பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போயிற்று. அதனால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கூட்டத்தைக் காப்பாற்றியதோடு நம் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நின்றது. நான் குடியிருந்த லக்ஷ்மிபாய் நகரிலிருந்து தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய் நின்றேன். நிற்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை வடக்கத்திக் குடும்பங்கள் சீப்புச் சீப்பாக வாழைப்பழத்தை மதில்மேல் வைத்தார்கள், அது அவர்களுக்கு அனுமார் நாள். நம் தமிழ்க் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை. மற்ற நாட்களுக்கு இருக்கவே இருக்கிறது தெருமுனைக் குப்பைத் தொட்டி. ரிட்ஜிலோ எங்கே பார்த்தாலும் நம் ஊர்ச் சீமைக்கருவேலம், அதில் குரங்குக்கு என்ன கிடைக்கும்? வாரத்துக்கு இரண்டு விருந்து இந்தப் பக்கம், முள் அந்தப் பக்கம். நானாக இருந்தாலும் சாலையைத் தாண்டித்தான் இருப்பேன். சமுதாயம் என்ற படிக்குப் படம் போடுகிறவர்கள் அதில் மனிதனை வரைய மறந்துவிடுகிறார்கள். மோதி பாக்கில் குரங்குகளோடு சேர்ந்து அந்தப் படியில் நின்றவர்கள் நாம்தான்.

முதல் சனிக்கிழமை காலை நான் மாடியில் இருந்தபோது, பழனிவேல் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, ஒரு தாம்பாளம் நிறையச் சுண்டலும் பழமுமாக மாடிக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்பே கூட்டம் வரிசையாகக் காத்திருந்தது. நான் திகைத்துப் போனேன்.

"எல்லாச் சனிக்கிழமையும் உண்டா சார்?"

"தவறுனதே இல்லீங்க. அன்னைக்கு ஒரு நா மட்டும் காலைலயே ஓவர்டைமுக்குப் போயிட்டனுங்க, வர நேரமாயிப் போச்சு."

"எந்த அன்னைக்கு?"

அவர் தாம்பாளத்தோடு துணிக்கொடிப் பக்கம் திரும்பினார். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். சங்கத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பி, எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அது கோழைத்தனம் என்று பட்டது.

"அன்னைக்குக் காலையிலேருந்து அதுங்க இந்தத் தட்டுக்காகக் காத்திருந்திருக்கு சார். சாயங்காலம் கார்த்திகா வந்தா. கையில துணிதான் இருந்தது."

"அப்ப நானேதான் கடிக்க உட்டேனுங்களா?"

"நீங்க மட்டும் இல்ல. இந்தக் காலனியே சேர்ந்து செஞ்சது. ஆனா அன்னைக்கு அது தேடினது உங்க தட்டை."

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனையோ வருசம் புள்ள இல்லாம இருந்து, ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்தவ மேடம் அவ. உசிரு இருக்கற வரைக்கும் சனிக்கெழம போடறேன்னு சொன்ன வாக்குங்க. நிறுத்துனா அவளுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களே."

"நிறுத்தலேன்னா ஆயிரும்" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. அந்த மனிதர் மேல் எனக்கு இரக்கம் பொங்கியது, ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரமே பழனிவேல் சங்கத்தைக் கூட்டினார். எல்லாரும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும், ஒரு வீடு போட்டாலும் வீண். குப்பைத் தொட்டிக்கு மாநகராட்சி ஆட்களைப் பிடித்து இரும்புக் கதவு போட வைத்தோம். முதல் வாரங்கள் நரகம். தினமும் கிடைத்தது நின்றுபோனால் எந்த விலங்கும் முதலில் இன்னும் மூர்க்கமாகத்தான் தேடும். ஜன்னல்களை உலுக்கின, செடிகளைப் பிடுங்கின. பாருங்கள், நிலைமை மோசமாகிவிட்டது என்று ஆளாளுக்கு என்னைக் குற்றம் சொன்னார்கள். உங்களில் பலர் தோற்கப்போவது இந்த இடத்தில்தான். முடிவு சரியாக இருந்தாலும் பலன் வருவதற்குள் கை தளர்ந்துவிடும். தளர விடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் கார்களில் வெளியாட்களும் பழம் கொண்டுவருவார்கள். பழனிவேல் ஆபீஸுக்குப் பர்மிஷன் சொல்லிவிட்டுக் கேட்டில் நின்றார். தர்ம காரியத்தைத் தடுக்கிற மதராஸி என்று திட்டினார்கள். அவருடைய இந்தி தில்லியில் எத்தனை வருடம் இருந்தும் தேறாத இந்தி. அவர் வாதாடவே இல்லை. "மேரீ பேட்டீ கா ஹாத் தேகோ" என்று மட்டும் சொல்வார், என் மகள் கையைப் பாருங்கள் என்று. கார்கள் திரும்பிப் போகும். ஒரு சனிக்கிழமை அவர் மனைவியே முந்தானையில் பழத்தை மறைத்துக்கொண்டு படியேறினார். வழியில் நின்று திருப்பி அனுப்பியவரும் பழனிவேல்தான்.

கூட்டம் மெல்ல மெல்லக் காட்டோரம் ஒதுங்கியது. முதலில் ராத்தங்கல் அங்கே, பிறகு பகலிலும் பாதி நேரம் அங்கே. கடி நின்றது. ஆனால் சனிக்கிழமை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போக வந்துகொண்டிருந்தன.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை. அன்று கூண்டுக்குள் முதலில் போனவற்றின் பின்னால் நுழைந்ததே, அந்தக் கிழட்டுப் பெண் குரங்கு, அதுதான் முன்னால் வந்தது. மகள்கள் பின்னால், வயிற்றில் குட்டிகள். பழனிவேல் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். அது அவருக்கு நாலு அடி தள்ளிச் சுவரில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டியது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"தாயி, எங்கிட்ட ஒண்ணும் இல்ல. போயிரு தாயி. எம்புள்ளைக்காகப் போயிரு."

அது வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, மகள்களைக் கூட அழைக்காமல், மதில்வழியே சாலைப் பக்கம் நடந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் இறங்கிப் போயின. கடைசிக் குட்டி மரங்களுக்குள் மறையும்வரை பழனிவேல் கும்பிட்ட கையை இறக்கவில்லை. இறக்கியதும் மாடித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சத்தம் கேட்டு, செருப்புக்கூடப் போடாமல், கார்த்திகா மாடிக்கு ஓடி வந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்க்கவில்லை. நேராக வந்து, "க்யா ஹுவா அப்பா? ஏன் அழறீங்க?" என்று தழும்பு இருந்த அந்தக் கையாலேயே அவர் முகத்தைத் துடைத்தாள்.